கப்பலில் புகைக்கு மூலை இல்லை, தம்பி

தம்பி, கிணற்றடியில் வாழைக்குப் பின்னால் அம்மா கண்டெடுத்தாளே ஒரு சிகரெட் கட்டை, அது என்னுடையது. இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் பேனையை எடுத்தேன். சுற்றி வளைத்தேன் என்றால் நடுவில் சிரிப்புக்கு ஒரு பகிடி வந்துவிடும். பகிடி வந்தால் உண்மை அதற்குப் பின்னால் போய் ஒளித்துக்கொள்ளும். உன் அப்பனின் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். போனில் கதைத்தால் அது தன்பாட்டுக்கு ஓடும். கை அப்படியில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, ஒவ்வோர் எழுத்துக்கும் மூச்சு வாங்கும். அதனால்தான் எழுதுகிறேன். இன்றைக்குச் சோளகக் காற்றுப் பலமாக வீசுகிறது, வள்ளம் ஓடவில்லை, எனக்கும் போக்கிடம் இல்லை. எழுதி முடித்துப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவேன். எழுத்துப் பிழைகளைப் பார்த்துச் சிரி. ஆனால் முழுவதையும் வாசி.

அந்தக் கட்டையை அம்மா சிரட்டை ஒன்றில் வைத்து, பொலிசார் சாட்சிப் பொருள் கொண்டுவருவதுபோலக் குசினிக்குக் கொண்டுவந்தாள். நீ கப்பலில் இருந்து லீவில் வந்து அப்போது ஒரு கிழமைகூட ஆகவில்லை. உன் பெட்டியைத் திறந்து உடுப்புகளைத் தோய்க்க எடுத்தபோதே அவள் முகம் மாறியிருந்தது. வெள்ளைச் சட்டைகள் எல்லாவற்றிலும் சுருட்டு மணம். நீ உழைத்து வந்த சட்டைகள். அவள் ஒன்றும் கேட்காமல் இரண்டு தரம் தோய்த்துக் காயப்போட்டாள். பிறகு இந்தக் கட்டையும் அகப்பட்டதும் பொறுக்கமாட்டாமல் உன்னைக் கூப்பிட்டாள். "தம்பி, உண்மையைச் சொல்லு. சிகரெட் பத்துறனியோ?" என்றாள். நீ இல்லை என்றாய். கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நான், கட்டைக்குச் சொந்தக்காரன், வாயைத் திறந்தேன். "கப்பலுக்குப் போனவன் உப்புக் காத்து மட்டும் குடிச்சிட்டு வருவானே? விடும்" என்றேன். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். அந்தக் கட்டை இந்த ஊர்க் கடையில் விற்கிற சிகரெட் என்று உனக்குத் தெரியும். அது யாருடையது என்றும் தெரியும். அம்மாவுக்கு முன்னால் நான் புகைப்பதை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது என்பதும், அம்மாவுக்குப் பின்னால் விடவில்லை என்பதும் துறையில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும், வீட்டில் ஒருத்திக்குத்தான் தெரியாது. நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சிரட்டையை வாங்கிப் போய்க் குப்பையில் கொட்டினாய். அது போதாதென்று அம்மா அடுத்த வெள்ளிக்கிழமை உன்னை நயினாதீவுக்குக் கூட்டிக்கொண்டு போய், அம்மன் வாசலில் கற்பூரம் கொளுத்தி, அதில் அடித்துச் சத்தியம் பண்ண வைத்தாள்.

நானும் கூடத்தான் வந்தேன். அன்றைக்கு அங்கே எனக்குச் சிரிக்க ஒன்றும் அகப்படவில்லை. நீ குனிந்து கற்பூரத்தின் மேல் கையை வைத்தாய். ஒரு சின்னக் கட்டிக் கற்பூரம், அதன் புகை எவ்வளவு இருக்கும்? அதற்கே உனக்கு இருமல் வந்துவிட்டது. சும்மா தொண்டை செருமுகிற இருமல் இல்லை. கை இரண்டையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, முதுகு குலுங்கக் குலுங்க இருமினாய். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களே, பொய்ச் சத்தியத்துக்கு அம்மன் உடனே காட்டுறா" என்று என் காதுக்குள் சொன்னாள். எனக்கு அது வேறு ஒரு மனிதனுடைய இருமலாகக் கேட்டது. யாருடையது என்று பிறகு சொல்கிறேன்.

நீ கொழும்புக்குப் புறப்பட்ட அன்று பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு முழுக் கதையும் சொன்னாய். உன் உல்லாசக் கப்பலில் கண்ணாடியால் அடைத்த புகை அறை ஒன்று இருக்கிறது. பணக்காரர் மெத்தைக் கதிரைகளில் சாய்ந்திருந்து சுருட்டுப் பற்றுகிற அறை. நீ அதற்குள் நின்று குடிவகை ஊற்றிக் கொடுக்கிறாய், சாம்பல் தட்டம் மாற்றுகிறாய். வேலை முடிந்து போய்ப் படுத்தால் தலையணைகூட மணக்கும் என்றாய். கப்பல்காரர் இப்போது வேலை செய்கிறவர்களிடமும் அபிப்பிராயம் கேட்கிறார்களாம், கப்பல் முழுவதிலும் புகையே கூடாது என்று வைத்தால் என்ன என்று. அது ஒருபக்கம். உனக்கு இந்த முறை திரும்பவும் அதே அறையைத் தருவதாக மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார், அங்கேதான் பயணிகள் தருகிற கைவிசேடம் அதிகம். வேண்டாம் என்றால் சாப்பாட்டு மண்டபம், அங்கே சம்பளம் மட்டும். கப்பல் ஏற முதல் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "அப்பா, நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று கேட்டாய்.

நான் என்ன சொன்னேன்? "புகை இல்லாட்டிக் கப்பல் எப்பிடியடா ஓடும்?" என்றேன். நீ சிரித்தாய். அப்பன் ஒரு பகிடி விட்டால் சிரிக்க வேண்டும் என்று சின்னனில் இருந்து பழகியிருக்கிறாய். பஸ் வந்தது, ஏறினாய், யன்னலுக்குள்ளால் கையைக் காட்டினாய். பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் நான் என் பகிடியை நினைத்துச் சிரித்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வருகிற வழியில்தான் விளங்கியது, பிள்ளை கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அனுப்பிவிட்டேன் என்று. கேட்டவன் பெரிய ஆள், உலகம் சுற்றியவன், இங்கிலீஷ் கதைக்கிறவன். இருந்தும் என்னிடம் கேட்டாய். வேறு யாரும் கப்பலைப் பற்றி என்னிடம் இதுவரைக்கும் கேட்டதில்லை.

ஆனால் யோசித்துப் பார்த்தால், நீ கேட்டதில் பிழையில்லை. எனக்கும் ஒரு கப்பல் இருக்கிறது. குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையில் ஆட்களையும் மூட்டைகளையும் இடைக்கிடை ஆட்டுக்குட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போய்வருகிற பழைய வள்ளம், நான் அதன் தண்டையல், சுக்கான் பிடிக்கிறவன். உன் கப்பலில் நீச்சல் தடாகம் இருக்கிறதாம். எங்களுடையதிலும் இருந்தது, பலகை இற்றபோது. மற்றப்படி இரண்டும் ஒன்றுதான். ஏறினால் இறங்க ஏலாது, பக்கத்தில் இருக்கிறவனைப் பிடிக்கவில்லை என்று எழும்பி வீட்டுக்குப் போக ஏலாது. அங்கே உன் கப்பல்காரர் இப்போது போட்டு உடைக்கிற கேள்வியை நாங்கள் இங்கே எப்போதோ போட்டு உடைத்துவிட்டோம். அடிபட்டுத்தான் உடைத்தோம்.

நீ சின்னப் பெடியனாக இருந்தபோது வள்ளத்தில் எங்கேயும் பத்தலாம். மூட்டைக்கு மேல் இருந்து பத்துவார்கள், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பத்துவார்கள். ஒருநாள் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி சுருட்டுப் புகைக்கு வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்து, அவளுடைய மாமியார் துறையில் நின்று எங்கள் பரம்பரையையே இழுத்துப் பேசினா. வள்ளக்கார முதலாளி என்னைக் கூப்பிட்டு ஏதாவது செய் என்றார். நானும் மூளையைப் பாவித்து ஒரு சட்டம் போட்டேன். பத்துகிறவர்கள் எல்லோரும் பின்பக்கம், இயந்திரக் கிடங்குக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மற்ற ஆட்கள் முன்னுக்கு. பின் பலகையில் வெள்ளைப் பெயின்றால் ஒரு கோடும் போட்டேன். கண்ணாடி இல்லையே தவிர, உன் புகை அறைதான் அது.

அடுத்த நாள் காலமை நெடுந்தீவுக்குப் போனோம். எதிர்க்காற்று. பின்னால் விட்ட புகை பின்னாலேயே கடலுக்குப் போனது. முன்னுக்கு இருந்த சனம் எல்லாம், தண்டையல் கெட்டிக்காரன் என்று சொல்லிச்சு. நானும் அதை மறுக்கவில்லை. பின்னேரம் திரும்பி வந்தோம். சோளகம் அதே பக்கத்தில் இருந்துதான் வீசியது, திரும்பியது நாங்கள்தான். இப்போது காற்று முதுகில். பின்பக்கத்தில் விட்ட புகை அவ்வளவும் வள்ளத்தை நீளத்துக்குத் தடவிக்கொண்டு முன்னால் போனது. காலமை என்னைப் புகழ்ந்த சனம் முகத்தைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தது.

நான் எழும்பி, பத்துகிற ஆட்களை முன்பக்கத்துக்கு வரச் சொன்னேன். நெடுந்தீவு ஓவசியர் அண்ணையை உனக்கு ஞாபகம் இருக்கும், வீதி வேலைக்கு ஓவசியராக இருந்து பென்சன் எடுத்தவர், வாயில் சுருட்டு இல்லாமல் அவரை அவர் பெண்சாதிக்கே அடையாளம் தெரியாது. அவர் அசையவில்லை.

"காலமை எனக்கு இந்த இடத்தைத்தானே தந்தனீர்?" என்றார்.

"ஓம் அண்ணை. காலமை காத்து அப்பிடி. இப்ப காத்து இப்பிடி."

"அப்ப காத்தை மாறி இருக்கச் சொல்லும். நான் இடம் மாறேலாது."

வள்ளம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஓவசியர் அண்ணை நல்ல மனிதன், அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒருத்தனுக்கு ஓர் இடத்தைக் கொடுத்துவிட்டால் அது அவனுடைய உரிமை. ஆனால் கடலில் இடம் என்று ஒன்று நிற்காது, தம்பி. வீட்டில் மூலை உண்டு, கடையில் மூலை உண்டு. வள்ளம் திரும்பினால் மூலையும் திரும்பும். உன் கப்பலில் கண்ணாடி இருக்கிறது, காற்றை உறிஞ்சுகிற இயந்திரம் இருக்கிறது என்று சொன்னாய். இருக்கட்டும். கதவு இருக்கிறதல்லவா? அந்தக் கதவால் தட்டத்தோடு உள்ளே போகிற ஆள் ஒருத்தன் இருக்கிறானல்லவா? பிறகு என்ன மூலை?

எங்கள் வள்ளத்தில் அந்த ஆள் சின்னராசா மாமா. இயந்திரக்காரன். உன்னைத் தன் பக்கத்தில் இருத்தி, கரிக் கையால் கச்சான் கடலை உரித்துத் தந்தவன். இயந்திரக் கிடங்கின் வாய் பின்பக்கத்தில்தான். நான் போட்ட வெள்ளைக் கோட்டுக்குள் அவன்தான் நடுவில் இருந்தான். புகை மணந்தால் சனம் எழும்பிப் போய்விடும், மேலே ஏறி நிற்கும். சின்னராசா எழும்பினால் இயந்திரம் நின்றுவிடும். போகிறபோதும் வருகிறபோதும், காற்று எந்தப் பக்கம் என்றாலும் அவனுக்கு ஒன்றுதான். அவன் வாழ்க்கையில் ஒரு சுருட்டுத் தொட்டவன் இல்லை. இருமத் தொடங்கினான். நான் மேலே சுக்கானில் நின்று, "டீசலைக் கொஞ்சம் குறைச்சுக் குடி மச்சான், முதலாளிக்கு நட்டம்" என்று கத்துவேன். அவனும் இருமி முடிய ஒரு தூஷணம் சொல்லிச் சிரிப்பான். வருஷக் கணக்காக இதுதான் எங்கள் இரண்டு பேரின் கூத்து. அவன் நெஞ்சைக் கெடுத்தது டீசல் புகையா சுருட்டுப் புகையா என்று எனக்குத் தெரியாது, இரண்டும்தான் என்று நினைக்கிறேன். டீசல் புகையை நாங்கள் ஒன்றும் செய்திருக்க ஏலாது. மற்றதைச் செய்திருக்கலாம். கடைசியில் கிடங்குக்குள் இறங்கினால் ஏற மாட்டாமல் போய், வேலையை விட்டான். கற்பூரத்துக்கு முன்னால் நீ இருமியது அவனுடைய இருமல்.

அவன் போன பிறகு முதலாளியும் நானும் வள்ளம் முழுவதிலும் பத்தக்கூடாது என்று வைத்தோம். அரசாங்கச் சட்டம் எப்போதோ வந்ததுதான், எங்கள் வள்ளத்துக்கு அது பிந்தித்தான் வந்து சேர்ந்தது. இங்கேதான் உன் கப்பல்காரருக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முழுவதும் கூடாது என்பது நல்ல கதை, ஆனால் லேசான கதை இல்லை. தடை போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, முன்பக்கத்துச் சாமான் கிடங்குக்குள் இருந்து புகை வந்தது. ஓவசியர் அண்ணை உயிர்காப்பு அங்கி எடுக்கப் போவதாகச் சொல்லி உள்ளே இறங்கி, மண்ணெண்ணெய்க் கலனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ஒரு இழுவை இழுத்திருக்கிறார். நெருப்பு விழுந்து சாக்கு புகைந்தது. நல்லகாலம், வாளி வாளியாகக் கடல்தண்ணி ஊற்றி அணைத்தோம். அங்கிகள் எல்லாம் நனைந்து, அண்ணையும் நனைந்து, ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை.  மூலை கொடுத்தால் வேலைக்காரன் சாகிறான், கொடுக்காவிட்டால் ஒளித்துப் பத்தி எல்லோரும் எரிகிறோம் என்று முதலாளியிடம் சொன்னேன். அதனால், புகை அறை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அறைகளுக்குள் ஒளித்துப் பத்துவார்கள் என்று உன் கப்பலில் சொல்கிறவர்களை முட்டாள்கள் என்று நினையாதே. அவர்கள் சொல்வதில் ஒரு சாக்கு எரிந்திருக்கிறது.

நாங்கள் தடையை எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக ஊதுகுழலை இரண்டு தரம் ஊதத் தொடங்கினோம். நீ கண்டிருப்பாய், ஏன் என்று கேட்டதில்லை. முதல் ஊதல் பத்துகிற ஆட்களுக்கு. துறையில் ஒரு மணல் வாளி, அதில் எல்லோரும் அணைத்துவிட்டு வர வேண்டும். கடைசி ஆள் அணைக்கும் வரைக்கும் வள்ளம் நிற்கும். இரண்டாவது ஊதலுக்குக் கயிறு கழற்றுவோம். நெடுந்தீவு வள்ளம் எப்போதும் ஒரு சுருட்டு நேரம் பிந்தித்தான் போகும் என்று சனம் திட்டும். திட்டட்டும். ஓவசியர் அண்ணைதான் இப்போது வாளிக்குப் பக்கத்தில் நின்று மற்றவர்களை விரட்டுகிறார். "டேய், அணை! வள்ளம் உன்ரை கொப்பற்றை சொத்தோ?" என்று அவர் கத்துகிறபோது எனக்குச் சிரிப்பு அடங்காது. மனிதனைக் கொஞ்சம் மதித்து, கொஞ்சம் நேரமும் கொடுத்தால் அவன் திருந்தாவிட்டாலும் அடங்குகிறான்.

உன் கப்பல் கிழமைக்கணக்காகக் கடலில் நிற்கிறது, எங்களைப் போலத் துறையில் ஒரு வாளி வைத்துச் சமாளிக்க ஏலாது என்று எனக்கும் தெரியும். இதை அம்மாவிடம் ஒரு பகிடி போலக் கேட்டுப் பார்த்தேன். அவள் பலகாரத்துக்கு மாக் குழைத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "காசு குடுத்து வாறவன் பத்தட்டும். ஆனா அந்த அறைக்குள்ள அவனே தேத்தண்ணி ஊத்திக் குடிக்கட்டும், அவனே சாம்பலும் கூட்டட்டும். எங்கட பிள்ளையள் ஏன் உள்ள போகோணும்?" என்றாள். அவள் அதை உன்னை நினைத்துச் சொல்லவில்லை. அந்த அறைக்குள் நிற்கிறது நீ என்று அவளுக்கு அப்போது தெரியாது. ஆனால் நான் இதுவரைக்கும் கேட்டதில் அதுதான் சரியான கதை. சம்பளத்துக்காக ஒருத்தரும் உள்ளே நிற்கத் தேவையில்லாத அறை ஒன்று கட்ட ஏலும் என்றால் கட்டட்டும். பணக்காரன் தன் சாம்பலைத் தானே கூட்டுவானா? மாட்டான். அப்படியென்றால் அறையே வேண்டாம். பயணம் வருகிறவன் ஒரு கிழமை பொறுக்கலாம், அது அவனுக்கு விடுமுறை. நீ மாதக்கணக்காக நிற்கிறாய், அது உன் நெஞ்சு. கேட்கிறவர்களுக்கு இதை எழுதிக் கொடு. முழுவதும் வேண்டாம் என்று எழுதிக் கொடு. ஒளித்துப் பத்துவார்கள், அதற்கும் ஆயத்தமாக இருங்கள் என்றும் எழுது. அவர்கள் கேட்பார்களோ தெரியாது. பெரிய கப்பல், திரும்ப நேரம் எடுக்கும்.

ஆனால் கப்பல் திரும்பும் வரைக்கும் நீ அந்த அறைக்குள் நிற்கத் தேவையில்லை. உண்மையில் நான் சொல்ல வந்தது இதுதான். இதைச் சொல்ல எனக்குத் துணிவு தந்தது நேற்று நடந்த ஒரு விஷயம்.

நேற்று அம்மா சின்னராசா மாமாவைப் பார்க்க வேண்டும் என்று வள்ளத்தில் வந்தாள், பலகாரப் பெட்டியோடு. அவன் வீடு நெடுந்தீவுத் துறையில் இருந்து கிட்டத்தான். முந்தி நாங்கள் கதைத்துக்கொண்டு போகிற தூரம். இப்போது அவன் துறைக்கு வருவதென்றால் ஒவ்வொரு கல்மதிலிலும் கையை வைத்து நின்று நின்றுதான் வருவானாம், அதனால் வருவதே இல்லை. மரத்துக்குக் கீழ் சாய்மனைக் கதிரையில் இருந்தான். மெலிந்து போனான். ஆனால் வாய் அப்படியே இருக்கிறது. உன் கண்ணாடி அறையைப் பற்றி அவனுக்கு மெல்லச் சொன்னேன்.

"கண்ணாடியோ?" என்றான். மூச்சு எடுத்தான். "மெத்தைக் கதிரையோ? அப்ப எனக்குக் கிடைச்சதை விட வசதிதான் மச்சான்."

நான் சிரிக்கத் தொடங்கினேன். அவன் சிரிக்கவில்லை. கையைத் தூக்கி என்னை நிற்பாட்டினான். "பகிடியை விடு. பெடியனை அங்க நிக்க விடாதை" என்றான். அவ்வளவையும் ஒரு மூச்சில் சொல்ல அவனுக்கு ஏலவில்லை, இரண்டாக உடைத்துத்தான் சொன்னான்.

அம்மா என்னைப் பார்த்தாள். "எந்த அறை? என்ன கண்ணாடி?" என்றாள்.  அதற்குள் சின்னராசாவின் பெண்சாதி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தன் பாட்டுக்குச் சொல்லத் தொடங்கினா. பெரியாஸ்பத்திரியில் டொக்டர் இவனிடம் ஒரு நாளைக்கு எத்தனை பத்துகிறாய் என்று கேட்டாராம். பத்துவதில்லை என்று இவன் சொல்ல, எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று சொல்லி, பத்துகிறவன் என்றே எழுதினாராம். "டொக்டரை ஏன் குறை சொல்லுவான்? நானும் நம்பேல்லை அக்கா. சட்டை எல்லாம் மணக்கும். மனுசன் நித்திரையாக் கிடக்கேக்க எழும்பிப் பொக்கற்றுகளைத் தடவிப் பாத்தனான். ஒண்டும் இல்லை. ஒண்டும் இல்லாததையும் நம்பேல்லை" என்று சொல்லி, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா.

அம்மாவின் கையில் பலகாரம் அப்படியே நின்றது. உன் வெள்ளைச் சட்டைகளை அவள் நினைக்கிறாள் என்று எனக்கு விளங்கியது. அதற்குமேல் எனக்குச் சும்மா இருக்க ஏலவில்லை. "இஞ்சாரும், பிள்ளை வேலை செய்யிறது சுருட்டுப் பத்துற அறைக்குள்ள. அவன் பத்துறேல்லை. கிணத்தடியில எடுத்த கட்டை என்ரை" என்றேன். இரண்டு குடும்பமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சின்னராசாகூட இருமவில்லை.

அம்மா பலகாரத்தை வைத்துவிட்டு எழும்பினாள். துறைக்குத் திரும்பி வருகிற வழியில் மதிலோரம் நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "பொய்ச் சத்தியம் எண்டெல்லோ நினைச்சனான். பிள்ளையை அம்மனுக்கு முன்னால என்னைக் கொண்டு கற்பூரத்தில அடிக்க வைச்சிட்டியள். நீங்களும் பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்" என்றாள். அவ்வளவுதான். பிறகு எனக்கு முன்னால் நடந்தாள். உனக்குப் போன் எடுக்க அவளுக்கு வெட்கம். நீ விட்டுப்போன ஒரு சட்டையை இன்று காலமை திரும்பவும் எடுத்துத் தோய்த்துக் கொடியில் போட்டிருக்கிறாள். அது எப்போதோ வெளுத்துவிட்டது, மணமும் இல்லை. நீதான் அவளுக்கு முதலில் போன் எடு, தம்பி. சட்டையைப் பற்றிக் கதையாதே. சாப்பிட்டியா என்று அவள் கேட்பாள், ஓம் என்று சொல்லு.

எனக்கு இப்போது உடம்பு அலுக்கிறது. வயது போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், அம்மா கேட்டால் தலையில் குட்டுவாள். ஆனால் பின்னேரம் சுக்கானை விட்டு இறங்கினால் கால் நிலத்திலும் ஆடுகிறது. அலுப்பு வந்தால் மனிதன் கொஞ்சம் உண்மை பேசுவான் போல இருக்கிறது, பகிடி விடவும் தெம்பு வேண்டுமல்லவா? நான் உனக்குப் பெரிதாக ஒன்றும் சொல்லித் தரவில்லை. ஒன்றைச் சொல்கிறேன். பகிடியும் புகை மாதிரித்தான். விடுகிறவனுக்கு லேசு, பக்கத்தில் நின்று எழும்பிப் போக ஏலாதவனுக்குத்தான் கண் எரியும். சின்னராசாவுக்கு நான் விட்டேன், உனக்கும் விட்டேன். உனக்கு என் வாய் வந்திருக்கிறது, அம்மாவின் மனசும் வந்திருக்கிறது. மனசை முன்னுக்கு விடு.

வீட்டு வேலை பாதியில் நிற்கிறது, கூரை போட வேண்டும், அதற்காகத்தான் நீ அந்த அறையை விடத் தயங்குகிறாய் என்று எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை, ஆனால் லீவில் நின்ற நாள் முழுக்கக் கட்டாத சுவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாய். அந்தச் சுவர் நிற்கட்டும். பழைய வீட்டின் ஓடு இன்னும் எங்களைத் தாங்கும். ஒழுகுகிற இடத்தில் சட்டி வைப்போம், அது எங்களுக்குப் புதிதா? நீ அனுப்புகிறதைக் குறைத்து அனுப்பு, குறையாகவே கட்டுவோம். பெரிய வீட்டைக் கட்டிப்போட்டு, அதன் முன்னால் நீ சாய்மனைக் கதிரை போட்டு மூச்சுக்கு இரண்டு சொல்லாகக் கதைத்துக்கொண்டிருப்பதை என்னால் பார்க்க ஏலாது. கப்பல் ஏற முதல், நாளைக்கே போய்ச் சாப்பாட்டு மண்டபம் என்று சொல்லு. கொழும்பில் சோதிக்கிற டொக்டரிடம் இருமலையும் மறைக்காமல் சொல்லு. அவர் பத்துறியா என்று கேட்பார். இல்லை என்று சொல்லு. அவர் நம்பாவிட்டால் என் நம்பரைக் கொடு.

உன்னிடம் இவ்வளவு கேட்கிறவன் தன் பக்கத்தில் ஒன்றும் வைக்காமல் கேட்கக்கூடாது. அதனால் நேற்றுத் திரும்பி வருகிறபோது, அம்மா பார்த்துக்கொண்டிருக்க, வள்ளத்துச் சனம் பார்த்துக்கொண்டிருக்க, சட்டைப் பையில் இருந்த சிகரெட் பெட்டியை எடுத்து, "இண்டையோட சரி" என்று சத்தமாகச் சொன்னேன். பெட்டி பாதி வெறுமை, பாரம் இல்லை. காற்றுப் போகிற பக்கமாகப் பார்த்து வீசினேன். அப்போது துறை கிட்டிவிட்டது. ஒரு கை வீச, மற்றக் கை பழக்கத்தில் சுக்கானைத் திருப்பிவிட்டது. வள்ளம் திரும்பியது. பெட்டி மேலே எழும்பி, கொஞ்சம் நின்று, திரும்பி வந்து ஓவசியர் அண்ணையின் மடியில் விழுந்தது. அவர் திறந்து பார்த்தார். மூடினார். எழும்பி வந்து என்னிடம் தந்து, "தண்டையல், வள்ளத்தில பத்தக்கூடாது" என்றார். ஓம் அண்ணை என்று வாங்கிப் பையில் வைத்தேன். உள்ளே ஒரு சிகரெட்டும் நனையவில்லை.